பல கைபடும் ஆவணம்: கூட்டுத் திருத்தமும் அதன் கட்டுப்பாடும்

ஓர் ஆவணத்தை ஒருவரே எழுதி, ஒருவரே திருத்தி, ஒருவரே காத்துவரும் வரையில் அதன் பாடத்தைப் பற்றி ஐயம் எழுவதற்கு இடமில்லை. பலர் அதனைத் திருத்தத் தொடங்கும்போதுதான், 'இதன் உண்மைப் பாடம் யாது? இச்சொல்லை இங்கே இட்டவர் யாவர்? முன்பு இவ்விடத்தில் இருந்தது என்ன?' என்னும் வினாக்கள் தோன்றுகின்றன. ஏட்டுச் சுவடிகளோடு பழகிய தமிழ் மாணவர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. புள்ளி பெறாத மெய்யும், எகர ஏகார வேறுபாடு காட்டாத எழுத்தும், ரகர வடிவும் கால் வடிவும் ஒத்திருத்தலும் படியெடுப்போரை மயக்கிப் பாடவேறுபாடுகளைத் தோற்றுவித்த வரலாற்றை அவர்கள் நன்கறிவர். ஆயின், அவ்வேறுபாடுகள் தலைமுறை தலைமுறையாக, ஏடு ஏடாக வளர்ந்தவை. பழைய ஏடு எங்கேனும் ஒரு வீட்டுப் பரணில் எஞ்சியிருத்தலும் உண்டு. அதனைக் கண்டெடுத்து ஒப்புநோக்கி உண்மை தெளிதலும் கூடும். இன்று ஓர் அலுவலகத்தின் கணிப்பொறி ஆவணக் களஞ்சியத்திலோ, அத்தகைய வேறுபாடு ஒரு முற்பகலில் தோன்றி அம்முற்பகலிலேயே சுவடின்றி மறைந்தும் போகின்றது.

அங்ஙனம் மறையாவண்ணம் காக்கும் முறைகள் எவை, எத்தகைய ஆவணத்திற்கு எம்முறை பொருந்தும் என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாடத்திட்டம், அகராதி, சுவடிப் பதிப்பு, கருத்தரங்கக் கோவை ஆகிய பலவற்றையும் இன்று பல்கலைக்கழகத் துறைகள் கூட்டாகவே உருவாக்குகின்றன. ஆதலின் இஃது கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரிய பொருளன்று.

சொல்லாட்சி பற்றி ஒன்று கூறி மேற்செல்வோம். ஓர் ஆவணம் சேமிக்கப்படும்தோறும் அது பெறும் நிலையைக் கணித்தமிழ் எழுதுவோர் 'பதிப்பு' என்று வழங்குகின்றனர். எம் போன்றோர்க்குப் பதிப்பு என்பது நூற்பதிப்பே. இரண்டும் இக்கட்டுரையில் அடுத்தடுத்து வருதலின், மயக்கம் நீங்கும் பொருட்டுக் கணிப்பொறியில் சேமிக்கப்பட்ட ஒவ்வொரு நிலையையும் 'படிநிலை' என்றே யாம் குறிக்கின்றோம்.

தொலைந்த திருத்தம்

இடர் எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை முதற்கண் காண்போம். ஒரு துறையின் பாடத்திட்ட ஆவணம் பொதுக் களஞ்சியத்தில் உள்ளது எனக் கொள்வோம். காலை 10 மணிக்கு முதலாமவர் அதனைத் திறக்கின்றார். 10.05-க்கு இரண்டாமவரும் திறக்கின்றார். இருவர் திரையிலும் தோன்றுவது ஒரே பாடம். முதலாமவர் மூன்றாம் தாளின் நூற்பட்டியலில் ஒரு நூலைச் சேர்த்து 10.30-க்குச் சேமிக்கின்றார். இரண்டாமவர் ஐந்தாம் தாளில் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் நீக்கி 10.40-க்குச் சேமிக்கின்றார். இரண்டாமவர் கையிலிருந்தது 10.05-க்கு உரிய பாடம். அவர் சேமித்தபோது அப்பாடம் முழுவதுமே களஞ்சியத்தில் ஏறியது. எனவே முதலாமவர் சேர்த்த நூல் மறைந்தது. மூன்றாம் தாளை இரண்டாமவர் தொட்டதே இல்லை; ஆயினும் அதனை அழித்தவர் அவரே.

இதனைக் கணிப்பொறி அறிஞர் 'தொலைந்த திருத்தம்' என்பர். இதன்கண் கருதத்தக்கது யாதெனின், இருவருள் எவரும் தவறு செய்திலர் என்பதும், கருவி எவ்வெச்சரிக்கையும் தரவில்லை என்பதுமாம். தவறு செய்தார் ஒருவர் இருப்பின் அவரைத் திருத்தலாம். இங்கே தவறு முறையிலேயே உள்ளது.

இழப்பு சிறிதென்று கருதுதல் வேண்டா. யாம் அறிந்த ஒரு பதிப்புப் பணியில், ஆய்வு மாணவி ஒருவர் மூன்று சுவடிகளை ஒப்பிட்டு ஒரு திங்கள் முயன்று குறித்த பாடவேறுபாடுகள் இங்ஙனமே மறைந்தன. மெய்ப்புத் தாள் வந்த பின்னரே அவை இல்லாமை அறியப்பட்டது. அதற்குள் மூன்று சுவடிகளுள் ஒன்று உரியவரிடம் திருப்பித் தரப்பட்டுவிட்டது. அவர் குறித்த வேறுபாடுகள் எவை என்பதற்கு இன்று அவர் நினைவன்றிப் பிறிது சான்றில்லை.

தாட்கோப்பு தந்த காவல்

தாளில் கோப்பு வைத்திருந்த காலத்தில் இவ்விடர் பெரிதாக எழவில்லை. காரணம் வெளிப்படை. கோப்பு ஒன்றே, அஃது ஒரு நேரத்தில் ஒரு மேசைமீதே இருக்கும். ஒருவர் மேசையில் இருக்கும் கோப்பில் மற்றொருவர் எழுத இயலாது. எழுத்தர் தம் தன்பதிவேட்டில் கோப்பின் வரவையும் செலவையும் குறித்து வைத்தமையின், அஃது எவரிடம் உள்ளது என்பதும் தெரிந்தது. பூட்டு என்று ஒன்றைத் தனியே எவரும் செய்யவில்லை. தாளின் இயல்பே பூட்டாக நின்றது.

இதனினும் நுட்பமானது குறிப்புத் தாளின் மரபு. நம் நாட்டு அரசு அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதுவோர் முன்னவர் எழுதியதனைத் திருத்துவதில்லை. அதன் கீழே தம் கருத்தை எழுதி, நாளிட்டு ஒப்பமிடுவர். கீழ்நிலை அலுவலர் எழுதிய குறிப்பு தமக்கு உடன்பாடன்று எனின், மேலதிகாரி அதனை அடித்துவிட்டு வேறு எழுதுவதில்லை. உடன்படாமையைத் தம் குறிப்பாகவே எழுதுகின்றார். எழுதிய குறிப்பின்மேல் தாள் ஒட்டி மறைத்தல் விரும்பத்தக்கதன்று என்பது மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டின் கருத்துமாகும். இதனால் கோப்பு ஒரு வழக்கின் முடிவை மட்டுமன்றி, அம்முடிவு பிறந்த வழியையும் காட்டுகின்றது. உரையாசிரியர் தாம் கொள்ளாத பாடத்தையும் அழித்தொழியாது 'என்றும் பாடம்' எனக் குறித்துச் செல்லும் நெறியோடு இஃது ஒத்துள்ளமை காண்க.

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் என்னும் மின்கோப்பு முறை இம்மரபைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்துள்ளது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் அது வழக்கில் உள்ளது. அதில் குறிப்புகள் இருவகைப்படும். மஞ்சட் குறிப்பு என்பது வரைவு; அதனைத் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். பச்சைக் குறிப்பு என்பது உறுதி செய்யப்பெற்றது. கோப்பை அடுத்தவர்க்கு அனுப்பிய பின் அதனை மாற்ற இயலாது. கோப்பும் ஒரு நேரத்தில் ஒருவர் கணக்கிலேயே இருக்கும். தாளில் இயல்பாக அமைந்த காவலை இங்கே ஆணைநிரலால் அமைத்தனர். முன்னவர் சொல்லைத் தொடாது தம் சொல்லைச் சேர்த்தல் என்னும் இம்முறையைச் 'சேர்ப்பு முறை' என்போம். கருத்தும் பொறுப்பும் பதிய வேண்டிய ஆவணத்திற்கு இதனினும் சிறந்த முறை இல்லை என்பது எம் துணிபு. ஆயின், பாடத்திட்டமும் அகராதிக் கட்டுரையும் சேர்ப்பு முறையால் உருவாகமாட்டா. அவற்றில் ஒருவர் எழுதிய தொடரை மற்றவர் மாற்றியே ஆகவேண்டும்.

பூட்டு

மாற்றத்திற்கு இடமளித்துக்கொண்டே தொலைந்த திருத்தத்தைத் தடுப்பதற்கு முதலிற் கண்ட வழி பூட்டாகும். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்டு என்பார் 1972-இல், ஆணைநிரல்களின் படிநிலைகளைக் காக்கும் கருவி ஒன்றை அமைத்தார். ஒரு கோப்பைத் திருத்த விரும்புவோர், திருத்தும்பொருட்டு என்று சொல்லி அதனைப் பெறுதல் வேண்டும். அவர் திருப்பித் தரும்வரை அப்படிநிலையைப் பிறர் திருத்தப் பெற இயலாது. படித்தற்கு மட்டும் பெறலாம். நூலகத்தில் நூலை எடுத்தலும் ஒப்படைத்தலும் போன்றதே இது. ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு படிநிலையும் எண் பெற்று, எழுதியவர் பெயரும் நேரமும் காரணக் குறிப்பும் தாங்கி நிற்கும். 1980-களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிச்சி அமைத்த கருவியும் பூட்டு நெறியையே தழுவியது.

ஆணைநிரல் எழுதுவோர்க்கு எழுந்த இம்முறையே பின்னர் அலுவலக ஆவணங்களுக்கும் வந்தது. மைக்ரோசாப்டு வேர்டில் ஓர் ஆவணத்தைத் திறக்குந்தோறும் அதே அடைவில் கண்ணுக்குப் புலனாகாத சிறு கோப்பு ஒன்று தோன்றுகின்றது. திறந்தவர் பெயர் அதனுள் இருக்கும். இரண்டாமவர் திறக்க முயலும்போது, 'இன்னார் திருத்திக்கொண்டிருக்கின்றார்' எனக் கூறுவது அச்சிறு கோப்பின் துணையினாலேயே. லிபர் ஆபீசும் இத்தகைய பூட்டுக் கோப்பை இடுகின்றது. இணையவழித் திருத்தத்திற்கென 1999-இல் வெளியாகி, 2007-இல் திருத்தம் பெற்ற வெப்டேவ் என்னும் நெறிமுறை, பூட்டினை இருவகையாகப் பகுத்தது. ஒருவர்க்கே உரிய தனிப்பூட்டு ஒன்று. பலர் ஒருங்கே பெறத்தக்க பொதுப்பூட்டு மற்றொன்று. இவை எழுதுதலைத் தடுப்பனவே அன்றிப் படித்தலைத் தடுப்பன அல்ல. ஷேர்பாயிண்டு முதலிய அலுவலகக் களஞ்சியங்களில், 'எடுத்தாலன்றித் திருத்துதல் இல்லை' என்று ஓர் ஆவணத் தொகுதி முழுமைக்கும் விதி வகுக்கலாம். எடுத்தவர் செய்த மாற்றங்கள் அவர் ஒப்படைக்கும்வரை பிறர்க்குப் புலனாகா.

பூட்டினால் வரும் குறைகளை விரித்துக் கூறுதல் வேண்டும். நடைமுறையில் பூட்டைக் கைவிடச் செய்வன அவையே.

பூட்டியவர் வாராமை முதற்குறை. எடுத்தவர் ஒப்படைக்க மறந்து விடுப்பிற் செல்கின்றார்; அல்லது மின்தடையால் அவர் கணிப்பொறி நின்றுவிடுகின்றது; பூட்டு மட்டும் எஞ்சுகின்றது. பேராசிரியர் ஒருவர் கோடை விடுமுறைக்குச் செல்லுமுன் எடுத்த ஆவணத்திற்காகத் துறை முழுவதும் காத்திருந்ததாகக் கேட்டுள்ளோம். இதனை நம்புதற்கு அரிதென எவரும் சொல்லார். இதற்கு மாற்றாக வெப்டேவ் நெறிமுறையில் பூட்டுக்குக் காலவரையறை உண்டு. அக்காலம் கழிந்ததும் புதுப்பிக்கப்படாத பூட்டு நீங்கிவிடும். அலுவலகக் களஞ்சியங்களில், பொறுப்பாளர் பிறர் பூட்டினை உடைக்கும் உரிமை பெற்றிருப்பர். ஆயின் உடைத்தால் என் செய்வது? எடுத்தவர் ஒப்படைக்காத மாற்றங்கள் போய்விடும். எனவே தொலைந்த திருத்தத்தைத் தடுக்க வந்த பூட்டே, உடைக்கப்படும்போது ஒரு திருத்தத்தைத் தொலைக்கின்றது. பூட்டை உடைக்குமுன் எடுத்தவரோடு தொலைபேசியிலேனும் பேசுதல் வேண்டும் என்பதனைக் கருவி கற்பியாது; அலுவலகமே விதித்துக்கொள்ளல் வேண்டும்.

மற்றொரு குறை அளவு பற்றியது. நானூறு செய்யுட்களையுடைய ஒரு தொகைநூலை ஒரே கோப்பாக வைத்திருப்பின், ஒரு செய்யுளில் ஓர் எழுத்தைத் திருத்த விரும்புபவர் நூல் முழுவதையும் பூட்டுகின்றார். செய்யுள்தோறும் ஒரு கோப்பாகப் பிரித்து வைப்பின், நால்வர் நான்கு செய்யுட்களில் இடையூறின்றி உழைக்கலாம். 2010-ஆம் ஆண்டின் வேர்டும் ஷேர்பாயிண்டும் பத்தியளவில் பூட்டும் வசதியைத் தந்தன: ஒருவர் திருத்தும் பத்தி மட்டுமே பிறர்க்குப் பூட்டப்படும். பூட்டின் அளவு சிறுகச் சிறுக அதனால் வரும் தடையும் சிறுகும் என்பது இதனாற் பெறப்படும்.

யாவற்றினும் பெரிய குறை வேறொன்று உண்டு. பூட்டு களஞ்சியத்திற்குள் மட்டுமே செல்லும். பூட்டப்பட்ட ஆவணத்தைப் படித்தற்கெனத் திறந்து, தம் கணிப்பொறியில் ஒரு படியைச் சேமித்து, திருத்தி, மின்னஞ்சலில் அனுப்புவாரை அது தடுப்பதில்லை. 'இறுதி', 'இறுதி-2', 'உண்மையான இறுதி' என்று பெயரிட்ட கோப்புகள் பெருகுதல் இவ்வாறே. சுவடியியலார் மொழியிற் கூறின், ஒரு மூலத்திலிருந்து கிளைகள் பிரிந்துவிட்டன. எக்கிளை எதனிற் பிரிந்தது என்னும் குறிப்பு மட்டும் எங்கும் இல்லை.

இணைப்பு

பூட்டினை விரும்பாதார் கண்ட நெறி அதற்கு நேர் மறுதலையானது. எவரையும் தடுக்க வேண்டா; அவரவர் தத்தம் படியில் திருத்துக; ஒப்படைக்கும்போது முரண் உளதாயின் ஆராய்வோம் என்பது அந்நெறி. தரவுத்தளங்களைப் பற்றி இக்கருத்தினை எச். டி. குங், ஜான் ராபின்சன் என்னும் இருவர் 1981-இல் விரித்து எழுதினர். முரண் அரிதாகவே நிகழும் என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படையாகும்.

ஆவணக் கோப்புகளில் இந்நெறி பரவியமைக்கு ஓர் ஆசிரியரும் அவர்தம் மாணவர் இருவரும் காரணராயினர். நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் டிக் குரூனே என்பார் தம் மாணவர் இருவரோடு ஒரு மொழிமாற்றி நிரலை எழுதிவந்தார். ஒரு மாணவர் காலை 9 முதல் மாலை 5 வரை ஒழுங்காக உழைப்பவர். மற்றவர்க்கு நேரவரையறை இல்லை. ஆசிரியர்க்கோ மாலையில்தான் ஓய்வு. ஒருவர் பூட்டி வைத்துச் சென்றால் மற்றவர் பணி நின்றுவிடும். எனவே மூவரும் ஒருவரையொருவர் எதிர்பாராது திருத்தும் வண்ணம் அவர் அமைத்த கருவி 1986-இல் வெளியாயிற்று. ஆசிரியரும் மாணவரும் ஒரே பணியில் ஈடுபடும் எத்துறையினர்க்கும் இந்நிலை எளிதில் விளங்கும்.

இணைப்பு நடைபெறும் முறை பாடவாராய்ச்சி கற்றார்க்கு வியப்பளிக்கும். இரு படிகளை மட்டும் ஒப்பிட்டால், ஓரிடத்தில் வேறுபாடு உண்டு என்பது தெரியுமேயன்றி மாற்றியவர் எவர் என்பது தெரியாது. அவ்விரு படிகளும் பிரிந்த பொதுமூலத்தையும் உடன்வைத்து மூன்றையும் ஒப்பிடுதல் வேண்டும். மூலத்தோடு ஒரு படி ஒத்து மற்றொன்று வேறுபடின், வேறுபட்டதே புதிய திருத்தம், அதனைக் கொள்க. இரண்டும் மூலத்தோடு வேறுபட்டுத் தம்முள்ளும் வேறுபடின் அது முரண். மனிதர் தீர்க்க வேண்டுவது. பதிப்பாசிரியர் இல்லாத மூலத்தைப் படிகளிலிருந்து உய்த்துணர முயல்கின்றார். கணிப்பொறிக்கு மூலம் கையிலேயே உள்ளது.

எனினும் இவ்விணைப்புக்குப் பொருள் தெரியாது. ஒரு குழுவின் விதிகளைத் திருத்தும் இருவரைக் கொள்க. மூன்றாம் விதியில் உள்ள 'குழுவினர் ஐவர்' என்பதனை ஒருவர் 'எழுவர்' என மாற்றுகின்றார். அதே வேளையில் மற்றவர் ஒன்பதாம் விதியில் 'ஐவரும் ஒப்பமிடுதல் வேண்டும்' என்று புதிதாகச் சேர்க்கின்றார். மாற்றங்கள் வெவ்வேறு இடத்தன; ஆதலின் கருவி முரண் காணாது இரண்டையும் ஏற்கும். விளைவது, எழுவர் உள்ள குழுவில் ஐவர் 'அனைவரும்' ஒப்பமிடும் விதி. முரணில்லை என்று கருவி கூறுவது, இடமுரண் இல்லை என்னும் பொருட்டே. பொருண்முரண் உண்டோ என்று ஒருவர் முழுவதும் படித்தே காணல் வேண்டும்.

ஒரே வேளையில் எழுதுதல்

மூன்றாவது முறை, பலர் ஒரே திரையில் ஒரே கணத்தில் எழுதுவது. 1968 டிசம்பர் 9-இல் சான்பிரான்சிசுகோ நகரில் டக்ளசு எங்கல்பார்ட்டு நிகழ்த்திய புகழ்பெற்ற விளக்கத்தில், தொலைவிலிருந்த மற்றொருவரோடு ஒரே ஆவணத்தைப் பகிர்ந்து காட்டினார். ஆயினும், அத்தகைய எழுத்துக்கு அடிப்படையான கணக்கியல் முறையை எல்லிசு, கிப்சு என்னும் இருவர் 1989-இல் வெளியிட்டனர். அதனைச் சிறிது விளக்குவோம்.

'அவர் வந்தார்' என்னும் தொடரை இருவர் திருத்துகின்றனர். கணிப்பொறி புள்ளியையும் உயிர்மெய்க் குறியையும் தனித்தனி இடமாக எண்ணும். எனவே 'அவர்' என்பதும் அடுத்த இடைவெளியும் சேர்ந்து 5 இடங்கள். 'வந்தார்' ஆறாம் இடத்தில் தொடங்குகின்றது. முதலாமவர் 'ஆறாம் இடத்தில் நேற்று என்பதனை இடுக' என்கின்றார். அதே கணத்தில் இரண்டாமவர் 'முதல் 5 இடங்களை நீக்குக' என்கின்றார். இரண்டாவது ஆணை முதலில் நிறைவேறினால் எஞ்சுவது 'வந்தார்' மட்டுமே. அதன் ஆறாம் இடம் ரகரம். முதல் ஆணையை அப்படியே நிறைவேற்றின் 'வந்தாநேற்று ர்' என்று ஆகும். இதனைத் தவிர்க்க, நீங்கிய 5 இடங்களைக் கழித்து, 'முதலாம் இடத்தில் இடுக' என ஆணையை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது 'நேற்று வந்தார்' என்பது கிடைக்கும். பிறர் ஆணையை நோக்கித் தம் ஆணையை மாற்றிக்கொள்ளும் இம்முறை, சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. 1989-இல் வெளியான முறையே சில நிலைகளில் பிழைபடுதலைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டித் திருத்தினர். கூகுள் நிறுவனம் 2006-இல் வாங்கிய ரைட்லி என்னும் கருவியிலிருந்து வளர்ந்த கூகுள் டாக்சு, 2010-இல் எழுத்தெழுத்தாக உடன்தோன்றும் திருத்தத்தை இந்நெறிவழியே பொதுமக்களுக்கு அளித்தது.

இம்முறையில் தமிழெழுத்துக்கு நேரக்கூடிய ஓர் இடரை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஒரு செய்யுளில் 'கோடு' என்னும் சொல் உள்ளது. ஒருவர் அது 'கெடு' என்று இருத்தல் வேண்டும் எனக் கருதி, ஓகாரக் குறியை மட்டும் அழித்து எகரக் குறியை இடுகின்றார். மற்றொருவர் அதே கணத்தில் 'காடு' எனக் கருதி, அதே குறியை அழித்துக் காலினை இடுகின்றார். நீக்கம் இருவர்க்கும் பொது; அது நிறைவேறும். சேர்த்தவை இரண்டும் காக்கப்படும். ககரத்தை அடுத்து எகரக் குறியும், அதனை அடுத்துக் காலும் நிற்பின், யூனிகோடு நெறிப்படி அவை இணைந்து ஒகரக் குறியாகவே கொள்ளப்படும். திரையில் தோன்றுவது 'கொடு'. ஒருவர் கெடு என்றார், ஒருவர் காடு என்றார், பிறந்ததோ கொடு. அஃது எழுத்துப் பிழையாயின் கண்ணுக்குத் தட்டுப்படும். பொருளுடைய நல்ல சொல்லாதலின் அது பாடமாகவே நின்றுவிடும். சுவடியில் தோன்றிய எத்துணைப் பிழையான பாடத்திற்கும் அதனை எழுதிய கை ஒன்று உண்டு. இப்பாடத்திற்குக் கையே இல்லை.

இது நாடோறும் நிகழ்வதன்று. இருவர் ஒரே குறியை ஒரே கணத்தில் தொட்டாலன்றி நிகழாது. எழுத்தை முழுமையாக நீக்கி மாற்றுவோரிடத்தும் நிகழாது. குறிகளின் வரிசை மாறின், ஒட்டாத குறியொன்று புள்ளிவட்டத்தோடு தோன்றிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும், ஓரெழுத்தினால் பொருள் மாறும் இலக்கியப் பாடத்தைத் திருத்துவோர் இதனைப் புறக்கணித்தல் கூடாது. இதனோடு தொடர்புடைய மற்றொன்று: ஒகரக் குறியை ஒரே குறியாகவும், எகரக் குறியும் காலுமாகவும் இருவகையாற் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நேர்படுத்தாது ஒப்பிடும் கருவிக்கோ அவை வேறுவேறு. பாடவேறுபாடு இல்லாத இடத்தில் வேறுபாடு காட்டி ஒப்புநோக்குவாரை அலைக்கழிக்கும் கருவிகளில் பெரும்பாலும் காரணம் இதுவாக இருத்தல் கூடும்.

எதற்கு எது

இவற்றுள் ஒன்றே யாண்டும் பொருந்தும் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. கருத்தரங்க அழைப்பிதழ், கூட்டக் குறிப்பு, முதல் வரைவு ஆகியவற்றை ஒரே வேளையிற் பலர் எழுதுதல் நன்று; அங்கே விரைவே பயன். பொறுப்பேற்று ஒப்பமிடும் கருத்துரைக்குச் சேர்ப்பு முறை வேண்டும். சுவடிப் பதிப்பு, அகராதி, விதித்தொகுப்பு, வினாத்தாள் ஆகிய எழுத்தெழுத்தாக நிறுக்கப்படும் ஆவணங்களுக்குப் பூட்டே வேண்டும். அதுவும் செய்யுள்தோறும், சொல்தோறும் பிரித்த சிறு பூட்டு. தாமதம் உண்டாம் என்று இதனை மறுப்பாரும் உளர். ஒரு பாடத்தைத் துணிதற்கு ஒரு திங்கள் ஆகும் பணியில், மற்றவர் ஒப்படைக்கும்வரை அரைநாள் காத்திருத்தலைத் தாமதம் என்று சொல்லுதற்கில்லை.

ஆயின் பூட்டினும் இன்றியமையாதது படிநிலை வரலாறு. எவர், எப்போது, எதனை மாற்றினார் என்பது பதிந்திருப்பின், தொலைந்தது எதுவும் மீளும். பதியவில்லையெனின் எப்பூட்டும் காவாது. இங்கே அலுவலகங்களிற் பெருவழக்காக உள்ள ஒரு பழக்கத்தைக் கண்டித்தல் வேண்டும். துறைக்கு ஒரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டு அனைவரும் அதன்வழியே நுழைதலே அது. அப்போது வரலாற்றில் உள்ள பெயர் யாவும் 'துறை' என்றே இருக்கும். நூறு திருத்தங்களும் ஒருவர் செய்தனவாகத் தோன்றும். நல்ல பாடத்தைக் கண்ட ஆய்வு மாணவர்க்கு அதனால் உரிய பெயர் கிட்டாது. தவறான பாடத்தை இட்டவரைக் கேட்டு அவர் கருத்தை அறியவும் வழியில்லை. முன்னைய பதிப்பாசிரியர்கள் சுவடி தந்தாரையும், ஒப்புநோக்க உதவினாரையும் முன்னுரைகளில் பெயர் சுட்டி நன்றி கூறினர். அப்பெயர்களை இன்று கருவி தானே பதிந்து தருகின்றது. ஒரே கடவுச்சொல்லால் யாமே அதனைக் கெடுத்துக்கொள்ளுதல் கூடாது. ஒப்படைக்கும்போது கேட்கப்படும் காரணக் குறிப்பினை வெறிதே விடுதலும் இத்தகையதே. 'திருத்தம்' என்று மட்டும் எழுதுவதினும், 'இரண்டாம் சுவடியின் பாடம் கொள்ளப்பட்டது' என்று எழுதுவதற்கு ஆகும் காலம் மிகச் சிறிது.

படிநிலை வரலாறும் என்றும் நிற்பதன்று. பல களஞ்சியங்களில் இத்தனை படிநிலைகளே காக்கப்படும் என்று வரம்பு உண்டு. அவ்வரம்பு கடந்தால் பழையன தாமே நீங்கும். கூகுள் டாக்சில் இடச் சுருக்கம் கருதிச் சிறு படிநிலைகள் ஒன்றாகச் சேர்க்கப்படுதலும் உண்டு. எனவே அச்சிற்கு அனுப்பிய நிலை, மெய்ப்புத் திருத்திய நிலை, நூலாக வெளிவந்த நிலை ஆகிய மூன்றையும் களஞ்சியத்தின் வரலாற்றை மட்டும் நம்பியிராது, திருத்த இயலாத வடிவில் நாளும் பெயரும் இட்டுத் தனியே சேமித்து வைத்தல் வேண்டும். அவற்றின் படியொன்று துறை நூலகத்தில் இருத்தலும் வேண்டும்.